கிட்ட போனாலே பதுங்குதே, என்ன பண்ண? கினி பிக் வளர்க்குறவங்க கேள்வி பதில்

இந்த மாசம் வந்த லெட்டர், வாட்ஸ்அப் எல்லாத்தையும் பிரிச்சு அடுக்கினா பாதிக்கு மேல கினி பிக் தாங்க, அதான் முயல்குட்டி சைஸ்ல வால் இல்லாத அந்த கொறிக்கிற பிராணி. தருமபுரி, கிருஷ்ணகிரி, ஓசூர்னு எங்க பாத்தாலும் லவ் பேர்ட்ஸ் கடையில ஒரு ஓரமா ஒரு கூண்டு கினி பிக் இப்ப இருக்கு, புள்ளைங்க கேக்குது, வாங்கிடுறோம், வீட்டுக்கு வந்தப்புறம் தான் இது நாய்க்குட்டி மாதிரி ஓடி வராதுன்னே தெரியுது. 2004ல தருமபுரி மாவட்டம் ரெண்டா பிரிஞ்சாலும் கேள்வி ரெண்டு பக்கமும் ஒரே கேள்வியா தான் வருது. அதனால இந்த தடவ மாடு, ஆடு, கோழி கேள்வியெல்லாம் அடுத்த இதழுக்கு தள்ளி வச்சுட்டேன், கோச்சுக்காதீங்க.

கேள்வி: அக்கா, பொண்ணு பிறந்தநாளுக்கு ஒரு ஜோடி கினி பிக் வாங்கினேன். வந்து ரெண்டு வாரம் ஆச்சு, கூண்டுகிட்ட போனாலே ரெண்டும் மூலையில போய் ஒன்னு மேல ஒன்னு ஏறி பதுங்குது. பொண்ணு தூக்கணும்னு ஒரே அழுகை. எப்படி பழக்குறது?
(பாலக்கோட்டிலிருந்து ஒரு அப்பா)

பதில்: ரெண்டு வாரம் அதுக்கு ரொம்ப கம்மிங்க. இது தென் அமெரிக்காவுல ஆண்டிஸ் மலைப்பக்கத்து பிராணி, அங்க பல ஆயிரம் வருஷமா மனுஷன் வளர்க்குறான், ஆனா வளர்த்ததே பெரும்பாலும் கறிக்கு தான், பெருவுல இன்னைக்கும் சாப்பிடுறாங்க. காட்டுல பருந்து, நரி, பாம்பு எல்லாத்துக்கும் இதுவே சாப்பாடு. எதிரிய கடிச்சு வெரட்டவும் தெரியாது, மரம் ஏறவும் தெரியாது, இதுக்கு தெரிஞ்சதெல்லாம் ஓடுறது, இல்லன்னா அசையாம நின்னுடுறது, அவ்ளோ தான். அதனால பயப்படுறத ஒரு கோளாறா நெனைக்காதீங்க, அது அப்படித்தான் உயிர் பொழச்சு இவ்ளோ தூரம் வந்திருக்கு.

நம்ம வீட்டுல கோழிக்குஞ்சு மேல பருந்து நிழல் விழுந்தா என்ன ஆகும்னு பாத்திருப்பீங்க, கூண்டோட மேல் மூடிய தொறந்து நீங்க கைய உள்ள விடுறப்ப இதுக்கும் அதே தான் ஆகுது. எல்லாரும் பண்ற மொத தப்பு இது தான், மேலேர்ந்து கை வரக்கூடாது. கூண்ட தரையில வைங்க, முன்பக்கம் கதவு இருக்குற கூண்டா இருந்தா ரொம்ப நல்லது. உள்ள ரெண்டு வாசல் வச்ச அட்டைப்பெட்டி ஒன்னு போடுங்க, ரெண்டு கினி பிக் இருந்தா ரெண்டு பெட்டி. மறைவிடம் குடுத்தா இன்னும் ஒளிஞ்சுக்கும்னு நெறைய பேர் எடுத்துடுறாங்க, நடக்குறது நேர் எதிர், ஒளிய எடம் இருக்குன்னு தெரிஞ்ச பிராணி தான் தைரியமா வெளிய வரும்.

அப்புறம் பொண்ண தூக்க விடாதீங்க, உக்கார விடுங்க. தெனமும் ஒரே நேரத்துல, ஸ்கூல் விட்டு வந்தப்புறம்னு வச்சுக்கலாம், கூண்டு பக்கத்துல தரையில உக்காந்து ஹோம்வொர்க் பண்ணட்டும், வாய்விட்டு படிக்கட்டும், அந்த குரல் அதுக்கு பழகணும். கையில ஒரு கொத்தமல்லி தண்டு, நீளமா, வேரோட இருந்தா இன்னும் சௌகரியம், அத கதவுகிட்ட நீட்டி அசையாம வச்சிருக்கணும். மொத நாள் வராது. கொஞ்ச நாள்ல ஒன்னு மட்டும் கழுத்த நீட்டி, பின்னங்கால அங்கயே ஊனிக்கிட்டு, ஒடம்பு ரெண்டு மடங்கு நீளமாகி இலைய மட்டும் புடுங்கிட்டு ஓடும் பாருங்க, அது நல்ல சகுனம். அந்த நேரத்துல தொட்டுடாதீங்க, இலைய சாப்பிட்டா புடிச்சுடுவாங்கன்னு ஒரு தடவ மனசுல பதிஞ்சா திரும்ப முதல்லேர்ந்து ஆரம்பிக்கணும். கையில இருந்தே நின்னு நிதானமா சாப்பிட ஆரம்பிச்சப்புறம், கன்னம், காதுக்கு பின்னாடி ஒரு விரலால தடவலாம். முதுகு பின்பக்கம் தொட்டா நெறைய கினி பிக்குக்கு புடிக்காது, துள்ளும்.

தூக்குற முறைய நல்லா கவனிங்க. மொரட்டுத்தனமா கூண்டு முழுக்க துரத்தி புடிக்கிறது வேண்டவே வேண்டாம். அது அட்டைப்பெட்டிக்குள்ள நுழைஞ்சதும் ரெண்டு பக்கமும் கையால மூடி பெட்டியோட தூக்கி மடியில வச்சுடலாம், இது தான் பயந்த பிராணிக்கு சுலபம். கையால தூக்குறதா இருந்தா ஒரு கை நெஞ்சுக்கு அடியில, முன்னங்காலுக்கு பின்னாடி போகணும், இன்னொரு கை அதே நேரத்துல பின்பக்கத்துக்கு அடியில போகணும், பின்னங்கால் ரெண்டும் உள்ளங்கையில ஊனி நிக்கணும், காலுக்கு புடிமானம் இல்லன்னா தான் அது திமிரும். தூக்குன கையோட உங்க நெஞ்சுல ஒட்டி வச்சுக்கோங்க, அந்தரத்துல தொங்கவிடாதீங்க, கழுத்து தோல புடிச்சு தூக்குறது, மல்லாக்க திருப்புறது ரெண்டும் கூடாது. எறக்குறப்ப தான் ஜாஸ்தி விபத்து, கூண்டு கண்ணுல பட்டதும் கையில இருந்து எகிறி குதிக்கும், நாலு காலும் தரையில படுற வரைக்கும் ரெண்டு கையும் எடுக்கக்கூடாது. இடுப்பு உயரத்துலேர்ந்து விழுந்தாலே கால் ஒடையும், முதுகெலும்பு போயிடும், அதனால பொண்ணு எப்பவும் தரையில உக்காந்துட்டு தான் வாங்கிக்கணும், நீங்க எடுத்து மடியில வைங்க. மடியில ஒரு துண்டு, அஞ்சு நிமிஷம், கொஞ்சம் வெள்ளரிக்கா, முடிஞ்சது, திரும்ப வீட்டுக்கு. அது அடங்கி இருக்குறப்பவே திரும்ப விட்டுடணும், திமிர்றப்ப விட்டா திமிர்னா விட்டுடுவாங்கன்னு கத்துக்கும்.

என் அபிப்பிராயம் கேட்டா இது பாத்து ரசிக்கிற பிராணி, மடிக்கு வந்தா அது போனஸ். பொண்ணுகிட்ட இத இப்பவே சொல்லிடுங்க.

கேள்வி: என்னோடது தூக்குனா ஆடாம அசையாம அப்படியே இருக்கு, மல்லாக்க வச்சாலும் கம்முனு படுத்திருக்கு, ஃபிரெண்ட்ஸ் எல்லாம் வீடியோ எடுக்குறாங்க. நல்லா பழகிடுச்சு தானே?
(தேன்கனிக்கோட்டை, கல்லூரி மாணவர்)

பதில்: இல்ல தம்பி, அது பயத்துல உறைஞ்சு போயிருக்கு. செத்த மாதிரி கெடந்தா எதிரி விட்டுடுவான்னு ஒடம்பு தானா பண்ற வேல அது, உள்ள நெஞ்சு படபடன்னு அடிச்சுட்டு இருக்கும். கண்ணு வெள்ள தெரியற அளவுக்கு விரிஞ்சு, ஒடம்பு கல்லு கணக்கா இறுகி, நீட்டுன கீரைய கூட மோந்து பாக்காம இருந்தா அது அமைதி இல்ல, பீதி. நெஜமாவே பழகின கினி பிக் மடியில பரத்திப் படுக்கும், கொட்டாவி விடும், எதாவது மெல்லும், மொகத்த கழுவும், குர்குர்னு சன்னமா பேசிட்டே இருக்கும். பல்ல கடகடன்னு அடிச்சா கோவம், விட்டுடு. ஃபிரிட்ஜ் கதவு சத்தத்துக்கு வீக் வீக்னு கத்துனா பசியும் ஆசையும், அது உன்ன நம்புதுன்னு அர்த்தம். கூண்டுக்குள்ள திடீர்னு ஒடம்ப வெட்டி வெட்டி அந்தரத்துல துள்ளுனா சந்தோஷத்துல துள்ளுது, மொத தடவ பாக்குறவங்க வலிப்புன்னு பயந்துடுறாங்க. மல்லாக்க போட்டு வீடியோ எடுக்குறத நிறுத்திடு.

கேள்வி: கால் நகம் வளைஞ்சு வளர்ந்துடுச்சு, நெயில் கட்டர எடுத்தாலே கத்தி ஊரையே கூட்டுது. ஒரு தடவ ரத்தம் வேற வந்துடுச்சு, அதுலேர்ந்து எனக்கே கை நடுங்குது.
(கிருஷ்ணகிரி வாசகி)

பதில்: காட்டுல பாறையிலயும் மண்ணுலயும் ஓடி தேயுற நகம், நம்ம வீட்டுல துணி மேலயும் மரத்தூள் மேலயும் தேய வழியே இல்ல, அதனால மாசத்துக்கு ஒரு தடவயாவது பாத்து வெட்டித்தான் ஆகணும், விட்டா சுருண்டு பாதத்துலயே குத்தும். முன்னங்கால்ல நாலு நாலு, பின்னங்கால்ல மூணு மூணு, ஆக மொத்தம் 14 நகம். 14ஐயும் ஒரே உக்காருல முடிக்கணும்னு எந்த சட்டமும் இல்லைங்க, இத மட்டும் புரிஞ்சுகிட்டாலே உங்க கை நடுக்கம் பாதி நின்னுடும். இன்னைக்கு ஒரு கால், நாளைக்கு ஒரு கால்னு வச்சுக்கோங்க, பயந்த பிராணிக்கு ஒரு நாளைக்கு ரெண்டு நகம் வெட்டுனாலே பெரிய விஷயம்.

ரெண்டு ஆள் வேணும். ஒருத்தர் மடியில துண்டு போட்டு, பிராணியோட முதுகு தன் வயித்தோட ஒட்டுற மாதிரி உக்கார வச்சு, துண்டால சுத்தி ஒரே ஒரு கால மட்டும் வெளிய எடுத்து விடணும், நெஞ்ச இறுக்கி சுத்தக்கூடாது, மூச்சு விட முடியாம போயிடும். அவரே இன்னொரு கையில கொடைமிளகாய் துண்டையோ வெள்ளரிக்காயையோ காமிச்சுட்டே இருக்கட்டும். வெட்டுறவர் விரல மெதுவா புடிச்சு நகத்த பாக்கணும். வெள்ள நகத்துல உள்ள ரோஸ் கலர்ல ஒரு கோடு ஓடும், அது தான் ரத்தக்குழாய், நரம்பும் அதுலயே இருக்கு, அதுக்கு ரெண்டு மில்லிமீட்டர் முன்னாடியே நிறுத்திடணும். கருப்பு நகம்னா கோடு தெரியாது, செல்போன் டார்ச்ச நகத்துக்கு அடியில வச்சா நிழலா தெரியும், அப்பவும் தெரியலன்னா நுனிய மட்டும் சீவி விட்டா போதும். நகம் ரொம்ப நாள் வெட்டாம விட்டிருந்தா அந்த ரத்தக்குழாயும் கூடவே நீண்டு வந்திருக்கும், ஒரே தடவையில சின்னதாக்க முடியாது, வாரம் ஒரு தடவ நுனி நுனியா வெட்டுனா அது தானா பின்னாடி போகும்.

ரத்தம் வந்தா பதறாதீங்க. சமையல்கட்டுல இருக்குற கார்ன்ஃப்ளார் மாவ ஒரு சிட்டிகை எடுத்து நகத்து நுனியில வச்சு ஒரு நிமிஷம் அழுத்தி புடிங்க, நின்னுடும். முன்னாடியே ஒரு மூடியில அத எடுத்து பக்கத்துல வச்சுட்டு தான் வேலையவே ஆரம்பிக்கணும். மனுஷனுக்கு வெட்டுற நெயில் கட்டர் நகத்த நசுக்கும், பூனைக்குட்டிக்குன்னு கத்திரிக்கோல் மாதிரி சின்னதா ஒன்னு கடையில கெடைக்குது, அது நல்லது. வெட்டுறதுக்கு முன்னாடி ஒரு வாரம் சும்மா மடியில வச்சு பாதத்த மட்டும் தொட்டு தொட்டு விடுங்க, கட்டர் இல்லாம. வயசான கினி பிக்குக்கு முன்னங்கால் பாதத்து ஓரத்துல தோலே நீட்டிக்கிட்டு காய்ஞ்ச முள்ளு கணக்கா இருக்கும், அது நகம் இல்ல, அத புடுங்கிடாதீங்க.

கேள்வி: எங்களோடது நீள முடி வெரைட்டி, பெருவியன்னு சொல்லி குடுத்தாங்க. வாரா வாரம் பேபி ஷாம்பு போட்டு குளிப்பாட்டுறேன், அப்படியும் பின்பக்கம் ஈரமா நாறுது, சீப்பு வச்சா ஓடுது.
(ஓசூர், கம்பெனியில வேலை பாக்குற வாசகி)

பதில்: குளியல உடனே நிறுத்துங்க. கினி பிக் தன்னை தானே சுத்தம் பண்ணிக்கும், குட்ட முடி உள்ளதுக்கு வருஷம் முழுக்க குளியலே தேவைப்படாது. ஷாம்பு தோல வறட்டிடும், ஓசூர் குளிர்ல அதுவும் மார்கழியில நனைச்சா சளி புடிச்சு நிமோனியா வரைக்கும் போகும், பயந்த பிராணிக்கு பக்கெட் தண்ணி ஒரு தனி அதிர்ச்சி.

நாத்தத்துக்கு காரணம் ஷாம்பு பத்தாம இல்ல, முடி தரையில இழுபட்டு மூத்திரத்துல ஊறுது. நெத்தியிலேர்ந்து வால்பக்கம் வரைக்கும் பாவாடை கணக்கா தொங்குதுல்ல, அத சுத்தி வர தரைக்கு ஒரு விரற்கடை மேல இருக்குற மாதிரி வெட்டி விட்டுடுங்க, பின்பக்கம் இன்னும் ஏத்தி வெட்டணும். அழகு போயிடும்னு யோசிக்காதீங்க, கண்காட்சிக்கா கொண்டு போகப் போறீங்க? முனை மழுங்குன சின்ன கத்திரி, முடிய ரெண்டு விரலுக்கு நடுவுல புடிச்சு, விரலுக்கு வெளிய இருக்குறத மட்டும் வெட்டுனா தோல்ல படாது.

வாருறத தெனமும் ரெண்டு நிமிஷமா பிரிச்சுக்கோங்க. மொதல்ல சீப்பே வேண்டாம், விரலால. அப்புறம் பல்லு அகலமான சீப்பு, நுனியிலேர்ந்து ஆரம்பிச்சு மேல ஏறணும், வேர்லேர்ந்து இழுத்தா எந்த பிராணியும் திரும்ப சீப்ப பாத்தா ஓடத்தான் செய்யும். அக்குள், தாடைக்கு அடியில, பின்னங்கால் இடுக்கு, இங்க தான் சிக்கு கட்டும், கட்டியாயிட்டா பிரிக்க முயற்சி பண்ணாம கத்திரியால எடுத்துடுங்க, தோல் அங்க ரொம்ப மெல்லிசு. பின்பக்கம் மட்டும் அழுக்கானா வெதுவெதுப்பான தண்ணியில துணிய நனைச்சு அந்த எடத்த மட்டும் தொடச்சு, துண்டால நல்லா ஒத்தி காய விடுங்க.

ஆணா இருந்தா இன்னொன்னும் பாக்கணும். வால் இருக்க வேண்டிய எடத்துல, அதாவது முதுகெலும்பு முடியுற எடத்துக்கு மேல, ஒரு எண்ணெய் சுரப்பி இருக்கு, அங்க முடி பிசுபிசுன்னு ஒட்டி கருப்பா மெழுகு படிஞ்சிருக்கும். சுத்தமான தேங்காண்ணெய் ஒரு சொட்டு விட்டு அஞ்சு நிமிஷம் ஊறவிட்டு பஞ்சால தொடச்சா கழண்டு வந்துடும். மாசத்துக்கு ஒரு தடவ போதும்.

கேள்வி: முன்ன நல்லா மடிக்கு வரும், இப்ப முதுக தொட்டாலே கத்துது, சொறிஞ்சுக்கிட்டே இருக்கு, தோள்பட்ட பக்கம் முடி கொட்டி பொடுகு மாதிரி இருக்கு. நேத்து சொறிய சொறிய அப்படியே சாஞ்சு கால் இழுத்துக்கிச்சு. அத்தை வேப்பெண்ணெய் தடவ சொல்றாங்க.
(அரூர் வாசகி)

பதில்: இந்த இதழ்லயே அவசரமான கேள்வி உங்களோடது தாங்க. இது பயம் இல்ல, வலி. பழகியிருந்த கினி பிக் திடீர்னு தொட விடலன்னா மொதல்ல நோய தான் தேடணும், குணம் மாறிடுச்சுன்னு விட்டுடக்கூடாது. நீங்க சொல்றத பாத்தா சொறி உண்ணி மாதிரி தான் தெரியுது, ட்ரிக்ஸாகாரஸ்னு கண்ணுக்கே தெரியாத பூச்சி, தோலுக்குள்ள பள்ளம் தோண்டி குடியிருக்கும், அரிப்பு தாங்காம வலிப்பு வரைக்கும் போகும். கடையிலேர்ந்து வர்றப்பவே ஒடம்புல இருந்திருக்கலாம், ஒடம்பு தெம்பு கொறையுறப்ப தலைதூக்கும்.

வேப்பெண்ணெய் வேண்டாம், அத்தைகிட்ட பக்குவமா சொல்லிடுங்க. தோலுக்கு உள்ள இருக்குறது மேல பூசுனா சாகாது, பிராணி அத நக்கி வயித்துக்குள்ள தள்ளிக்கும். நாய்க்கு உண்ணிக்கு கழுத்துல விடுற மருந்து, பவுடர், அதுவும் கூடாது. ஐவர்மெக்டின்னு ஒரு மருந்து, மாட்டுக்கும் ஆட்டுக்கும் போடுறது தான், எந்த கால்நடை மருந்தகத்துலயும் தெரிஞ்ச மருந்து. ஆனா மாட்டுக்கு போடுற அளவு எங்க, முக்கா கிலோ பிராணி எங்க, அதனால டாக்டர் எடைய வச்சு கணக்கு போட்டு தான் குடுக்கணும், நீங்களா வாங்கி ஊத்திடாதீங்க. போறதுக்கு முன்னாடி சமையல்கட்டு தராசுல ஒரு டப்பாவ வச்சு எடை பாத்து கிராம்ல எழுதிட்டு போங்க. ஒரு டோஸோட முடியாது, முட்டையிலேர்ந்து வர்றதையும் கொல்லணும், ரெண்டு வாரத்துக்குள்ள திரும்ப போடணும், டாக்டர் சொன்ன தேதிய தவறவிடாதீங்க. கூட இருக்குற கினி பிக் நல்லா இருந்தாலும் அதுக்கும் சேத்து. கூண்டுல இருக்குற துணி, அட்டை எல்லாத்தையும் மாத்திடுங்க. மருந்து வேலை செய்யுற வரைக்கும் தூக்குறத, வாருறத எல்லாம் கொறைச்சுக்கோங்க, தொட்டாலே வலிப்பு வருது.

பக்கத்து மருந்தகத்துல கினி பிக் பாத்து பழக்கமில்லன்னு சொன்னா நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரிக்கு போங்க, ஓசூர்க்காரங்களுக்கு பெங்களூரு பக்கம்.

எந்த டாக்டர்கிட்ட போனாலும் ஒரு விஷயத்த வாய்விட்டு சொல்லிடுங்க: இது கினி பிக், வாய்வழியா பென்சிலின் வகை மருந்து ஆகாதுன்னு. அமாக்சிசிலின், ஆம்பிசிலின் இதெல்லாம் நம்ம வீட்டு மருந்து டப்பாவுலயே இருக்கும், கொழந்தைக்கு குடுக்குறது தானேன்னு ரெண்டு சொட்டு விட்டுடுவோம், இதுக்கு அது குடல்ல இருக்குற நல்ல கிருமியெல்லாம் அழிச்சு கெட்டது பெருகி சில நாள்ல உயிரையே எடுத்துடும். அப்புறம் மூக்கு, கண்ண சுத்தி, காதோரம் வட்டவட்டமா முடி கொட்டி செதில் இருந்தா அது படர்தாமரை, உங்களுக்கும் ஒட்டும், தொட்டா சோப்பு போட்டு கை கழுவுங்க, வீட்டுல யாருக்காவது வட்டமா அரிச்சா அவங்களும் டாக்டர பாக்கணும்.

கேள்வி: எங்க வீட்டு மாமரத்துல வருஷா வருஷம் காய்க்குது, கினி பிக்குக்கு மாம்பழம் போடலாமா? வேற என்ன குடுத்தா சீக்கிரம் பழகும்?
(காவேரிப்பட்டணம்)

பதில்: பழத்துல ஒரு சின்ன துண்டு, வாரத்துக்கு ஒன்னோ ரெண்டோ, அதுக்கு மேல சக்கரை ஜாஸ்தி, வயிறு கழியும். மாமரத்து எல பூச்சி மருந்து அடிச்சிருப்பாங்க, வேண்டாம்.

பழக்குறதுக்கு கொய்யா தான் என் சாய்ஸ், அதுக்கு காரணமும் இருக்கு. கினி பிக்கும் நம்ம மாதிரியே, ஒடம்புல வைட்டமின் சி தயாரிக்க முடியாது, கிலோவுக்கு தெனமும் 10லேர்ந்து 30 மில்லிகிராம் வெளியிலேர்ந்து வேணும். 100 கிராம் கொய்யாவுல 200 மில்லிகிராமுக்கு மேல இருக்கு, அப்ப ஒரு கட்டை விரல் அளவு துண்டு போட்டாலே அன்னைக்கு வேல முடிஞ்சது. இது கொறைஞ்சா மூட்டு வீங்கும், ஈறுல ரத்தம் கசியும், தூக்குனா கத்தும், நாம பயம்னு நெனைச்சுட்டு இருப்போம். ஓசூர் பக்கம் பாலிஹவுஸ்ல வெளையுற கொடைமிளகாய், கொத்தமல்லி இதுலயும் இருக்கு. தண்ணி பாட்டில்ல சொட்டு மருந்து கலக்குறது வீண், வெளிச்சம் பட்டு சீக்கிரம் போயிடும். ராயக்கோட்டை பக்கத்து ஆளுங்களுக்கு ஒரு வார்த்த, தக்காளிப்பழம் கொஞ்சம் போடலாம், செடியும் எலையும் தண்டும் விஷம்.

ஆனா இதெல்லாம் தொட்டுக்க தான், சாப்பாடு புல்லு. பல்லு சாகுற வரைக்கும் வளர்ந்துட்டே இருக்குற பிராணி, நார் மென்னு தேய்க்கலன்னா பல்லு வளர்ந்து வாய மூட முடியாம பட்டினி கெடக்கும். மருந்து அடிக்காத எடத்து அருகம்புல், கொழுக்கட்டைப்புல், காயவச்ச புல்லு எப்பவும் கூண்டுல இருக்கணும். குதிரைமசால், அதான் லூசர்ன்னு சொல்ற தீவனம், வளர்ற குட்டிக்கும் சினைக்கும் மட்டும், பெருசுக்கு தெனமும் போட்டா சுண்ணாம்புச்சத்து ஏறி மூத்திரப்பையில கல்லு வரும். ஒரு நாள் முழுக்க சாப்பிடலன்னா அது அவசரம், காலையில பாத்துக்கலாம்னு விடாதீங்க.

கேள்வி: நம்மூர் வெயில தாங்குமா அக்கா?
(பென்னாகரம்)

பதில்: தாங்காது. அதோட சௌகரியம் 18லேர்ந்து 24 டிகிரி, 30 தாண்டுனா ஆபத்து, நம்ம சித்திரை வெயில் 38ஐ தொடுது. ஷீட் வீட்டுலயும் மாடியிலயும் வச்சா மத்தியானத்துக்குள்ள போயிடும். வீட்டுலயே குளிர்ச்சியான ரூம், தரையோட தரையா, ஜன்னலுக்கு ஈரக் கோணி, பிளாஸ்டிக் பாட்டில்ல தண்ணி ஊத்தி ஃப்ரீஸ் பண்ணி துணி சுத்தி கூண்டுல ஒரு ஓரமா. வாருறது, நகம் வெட்டுறதெல்லாம் காலையில ஆறு ஏழு மணிக்கே முடிச்சுடுங்க, வெயில்ல தூக்கி பயமுறுத்துனா அந்த சூடும் சேந்துக்கும். எச்சில் ஒழுகி, மூச்சு வாங்கி, தரையில தட்டையா படுத்தா காதையும் பாதத்தையும் சாதா தண்ணியில நனைச்சுக்கிட்டே டாக்டர்கிட்ட ஓடுங்க, ஐஸ் தண்ணியில முக்கக்கூடாது.

கேள்வி: ஒன்னு தான் இருக்கு, ரொம்ப பயந்தாங்கொள்ளி. தொணைக்கு ஒரு முயல் விடலாமா?
(மொரப்பூர்)

பதில்: முயல் வேண்டாம், ஒதைச்சு காயப்படுத்தும், முயலுக்கு ஒன்னும் பண்ணாத ஒரு கிருமி இதுக்கு நிமோனியா குடுக்கும். இன்னொரு கினி பிக் விடுங்க, நீங்க எவ்ளோ கொஞ்சுனாலும் அது பாஷை நமக்கு வராது. ஸ்விட்சர்லாந்துல ஒத்தையா வளர்க்கவே கூடாதுன்னு 2008லேர்ந்து சட்டமே இருக்கு. தைரியமான ஒன்னு கையில வாங்கி சாப்பிடுறத பாத்து பயந்ததும் கத்துக்கும்.

ஆனா ஆணும் பொண்ணும் சேத்து விட்டுடாதீங்க. 59லேர்ந்து 72 நாள்ல குட்டி போடும், போட்ட அன்னைக்கே திரும்ப சினை புடிக்கும், வீடு நெறைஞ்சுடும். ஆறேழு மாசம் வரைக்கும் குட்டியே போடாத பெட்டைக்கு இடுப்பெலும்பு சேந்து இறுகிடும், அதுக்கப்புறம் மொத பிரசவம்னா தாயும் குட்டியும் சேந்து போற ஆபத்து உண்டு. ரெண்டு பெட்டையா வைங்க. கடைக்காரர் ரெண்டும் பெட்டை தாங்கன்னு சொல்றத நம்பாம ஒரு டாக்டர்கிட்ட காமிச்சுடுங்க, இதுல கடைக்காரங்க தப்பா சொல்றது சர்வ சாதாரணம்.

கேள்வி: அக்கா, நான் ஆறாவது படிக்கிறேன். எங்க ஜில்லுவ ஒரு நாள் ஸ்கூலுக்கு தூக்கிட்டு போய் எல்லாருக்கும் காமிக்கவா?
(ஊத்தங்கரை)

பதில்: வேண்டாம்டா தங்கம். நாப்பது பேர் ஒரே நேரத்துல சத்தம் போட்டு கைய நீட்டுனா ஜில்லுக்கு நெஞ்சே நின்னுடும். போட்டோ எடுத்துட்டு போய் காமி. எல்லாரும் பாக்கணும்னு சொன்னா ஒருத்தர் ஒருத்தரா வீட்டுக்கு கூப்பிடு, கையில கொத்தமல்லியோட வரச்சொல்லு.

கேள்வி: கண்ணுலேர்ந்து பால் மாதிரி வெள்ளையா ஒழுகுது, கண்ணு போயிடுமா?
(கம்பைநல்லூர்)

பதில்: ரெண்டு கண்ணுலயும் சில நொடி வெள்ளையா வந்து, உடனே முன்னங்கால் ரெண்டாலயும் அத எடுத்து மொகம் பூரா தேய்ச்சுக்கிச்சுன்னா அது வியாதி இல்ல, மொகம் கழுவுது, அதுக்குன்னே ஒடம்பு சுரக்குற திரவம் அது. தொடைக்காதீங்க. ஆனா ஒரே கண்ணுல மட்டும் தண்ணியா வந்துட்டே இருந்து, கண்ண பாதி மூடி வச்சிருந்தா காஞ்ச புல்லு குத்தியிருக்கும். உப்பில்லாத ஆறின வெந்நீர்ல பஞ்ச நனைச்சு ஓரத்த மட்டும் தொடச்சுட்டு அன்னைக்கே டாக்டர்கிட்ட காமிங்க. நம்ம வீட்டுல இருக்குற பழைய கண்ணு சொட்டு மருந்து எதையும் விட்டுடாதீங்க, அதுல ஸ்டீராய்டு கலந்திருந்தா கண்ணுல இருக்குற புண்ணு இன்னும் பெருசாகும்.